போடாத எண்ணெய்



இந்த மாதச் சுவர் இதழுக்கு "நான் கற்றுக்கொண்ட ஒன்று" என்ற தலைப்பில் எழுதித் தரச் சொல்லி தமிழ் ஐயா சொன்னார். எல்லாரும் நீச்சல், சைக்கிள், பூ கட்டுவது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் எழுதப் போவது ஏர்கன் பற்றி. அதுவும் அதற்குள்ளே இருக்கிற வாசர் பற்றி. சிரிக்காமல் கடைசி வரை படியுங்கள். இதில் நான் செய்த ஒரு தப்பும் இருக்கிறது.

என் அப்பாவை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். திருவிழாவில் பலூன் சுடுகிற கடை போடுகிறவர். பங்குனியில் நம்ம ஊர்ப் பொங்கல், சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா, ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி என்று போவார். மற்ற நாட்களில் கட்டட வேலை. பத்துக் குண்டு ஐம்பது ரூபாய். பத்தும் வெடித்தால் ஒரு டிபன் பாக்ஸ் பரிசு.

எங்களிடம் இருப்பது ஒரே ஒரு ஏர்கன். அப்பா அதை வாங்கும்போதே பழசு. அதற்குள் வெடிமருந்து எதுவும் கிடையாது. காற்றுதான். குழலை மடக்கினால் உள்ளே ஒரு பெரிய ஸ்பிரிங் அமுங்கும். அதன் முன்னால் பிஸ்டன். விசையை இழுத்ததும் ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் முன்னால் இருக்கிற காற்றை நெருக்கும். அந்தக் காற்று ஒரு சின்ன ஓட்டை வழியாகப் பாய்ந்து குண்டைத் தள்ளிக்கொண்டு போகும். கண் மூடித் திறப்பதற்குள் இவ்வளவும் நடந்துவிடும்.

பிஸ்டனுக்கும் உருளைக்கும் நடுவில் காற்று கசியாமல் இருக்க ஒரு தோல் வாசர் இருக்கிறது. சின்னக் கிண்ணி மாதிரி இருக்கும். சைக்கிள் பம்புக்குள் இருக்குமே, அதே ஜாதிதான். குழல் மடங்குகிற இடத்தில் இன்னொரு சின்ன வளையம், அதுவும் தோல்தான். இந்த இரண்டும் நன்றாக இருந்தால் துப்பாக்கி நன்றாக இருக்கும். தோல் காய்ந்தால் விறைத்துச் சுருங்கிப் போகும். அப்புறம் காற்று பக்கவாட்டில் ஓடிவிடும், குண்டைத் தள்ளாது.

அதனால் மாதம் ஒரு தடவை நாலு சொட்டு எண்ணெய் விடணும். குழலை லேசாக மட்டும் மடக்கி, அந்தச் சின்ன ஓட்டையில் தையல் மிஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டு, கட்டையைக் கீழே ஊன்றி ராத்திரி முழுக்கச் சுவரில் சாய்த்து வைக்கணும். எண்ணெய் மெல்ல இறங்கித் தோலில் ஊறும். கடை போடாத மாதங்களில் இது என் வேலை. அப்பா பூட்டுச் சாவியை என்னிடம்தான் கொடுத்திருந்தார்.

இப்போது தப்பைச் சொல்கிறேன். போன ஐப்பசியிலிருந்து மாசி வரைக்கும் நான் ஒரு தடவைகூட எண்ணெய் விடவில்லை. முதல் மாதம் மறந்துபோனேன். அடுத்த மாதம் அரையாண்டுத் தேர்வு. அதற்கப்புறம் இத்தனை நாள் போடாமல் இப்போது போட்டால் என்ன என்று விட்டுவிட்டேன். அப்பா கேட்கிறபோதெல்லாம், "எண்ணெய் விட்டியா பாப்பா?" என்பார். "விட்டேம்ப்பா" என்பேன். பொய் சொல்கிறோம் என்றே அப்போது தோன்றவில்லை. சின்ன விஷயம்தானே என்று இருந்தது.

நம்ம ஊர்ப் பொங்கல் முதல் நாளே துப்பாக்கி மந்தமாக இருந்தது. வழக்கமாக "டப்" என்று கேட்கும் சத்தம் "புஸ்" என்று கேட்டது. அப்பா என்னைப் பார்த்து மறுபடியும் கேட்டார். நான் மறுபடியும் விட்டேன் என்றேன். "அப்ப ஸ்பிரிங்தான் செத்துப்போச்சு போல" என்று சொல்லிவிட்டு வியாபாரத்தைப் பார்த்தார்.

இரண்டாம் நாள் ராத்திரி நடந்தது உங்களுக்கே தெரியும். நம்ம வகுப்பிலேயே ஏழெட்டுப் பேர் அங்கே நின்றீர்கள். வெளியூர் அண்ணன் ஒருவர் பத்துக் குண்டு சுட்டார். எட்டு பலூன் வெடித்தது. இரண்டில் குண்டு பட்டும் வெடிக்கவில்லை. பலூன் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு அப்படியே இருந்தது. காற்று இறங்கித் தொளதொள என்று இருந்த பலூன்கள் அவை. குண்டும் வேகமில்லாமல் போனதால் வழுக்கிவிட்டது. அந்த அண்ணன், "பட்டும் வெடிக்கலன்னா என்னய்யா துப்பாக்கி இது? பரிசு குடுக்கக் கூடாதுன்னு ஏமாத்து வேலை பண்ணி வச்சிருக்க" என்று கத்தினார். கூட்டம் கூடிவிட்டது. அப்பா எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. ஐம்பது ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, டிபன் பாக்ஸையும் எடுத்துக் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டு போனார். கூட்டம் போகவில்லை.

அப்போது ஒரு அக்கா முன்னால் வந்தார்கள். மதுரையில் கல்லூரியில் படிக்கிறவர், என்.சி.சி., திருவிழாவுக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்திருந்தார்களாம். காசு கொடுத்து ஐந்து குண்டு சுட்டார்கள். ஐந்தாவது குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிட்டது. அப்பா கம்பியால் தள்ளி எடுத்தார். அக்கா கூட்டத்துக்கும் கேட்கிற மாதிரி, "குறியில ஒண்ணும் கோளாறு இல்ல. சுடும்போது என் கன்னத்துல காத்து அடிக்குது. எங்கயோ கசியுது. வாசர் காஞ்சிருக்கும்ணே. எண்ணெய் போடுறதில்லையா?" என்று கேட்டார்கள்.

அப்பா சொன்னார்: "அதெல்லாம் மாசம் தவறாம என் மக போட்டுருவாம்மா."

இதைச் சொல்லும்போது அப்பா முகத்தில் ஒரு பெருமை இருந்தது. நான் பலூனுக்குக் காற்று ஊதிக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். வாயில் பலூன் இருந்தது. அதை எடுத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

திங்கட்கிழமை பள்ளியில் ஒரு பையன், "உங்கப்பா ஏமாத்துக்காரராமே" என்று கேட்டான். அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. மற்றவர்கள் நான் கோபத்தில் பேசாமல் இருப்பதாக நினைத்தார்கள். உண்மையில் எனக்குப் பதில் தெரியும். அதனால்தான் பேசவில்லை.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் அம்மா கம்மலைக் கழற்றித் தாளில் மடித்துக்கொண்டிருந்தார்கள். வீரபாண்டித் திருவிழாவுக்கு இன்னும் சில வாரம்தான். அதற்குள் வேற துப்பாக்கி வாங்கணும், இல்லையென்றால் கடை போட முடியாது என்று அப்பா அடகு வைக்கக் கிளம்பிவிட்டார். செருப்பு மாட்டிவிட்டார். நான் வாசல்படியில் போய் நின்றுகொண்டு, "அப்பா, நான் எண்ணெயே விடல. அஞ்சு மாசமா விடல" என்றேன். அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது.

அப்பா அடிப்பார் என்று நினைத்தேன். அவர் செருப்பைக் கழற்றினார். திண்ணையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் அம்மாவிடம், "கம்மல மாட்டிக்க" என்றார். என்னிடம், "இனிமே வாயால விட்டேன், போட்டேன்னு சொல்லாத. சோதிச்சுக் காட்டு" என்றார். அவ்வளவுதான். அடித்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

எப்படிச் சோதிப்பது என்று எனக்கு என்ன தெரியும்? சைக்கிள் கடைத் தாத்தாவிடம் போனோம். நான் எண்ணெய் டப்பாவைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். தாத்தா, "அவசரப்படாத ஆத்தா. எண்ணெய விட்டுட்டா எது கெட்டிருந்துச்சுன்னு தெரியாமப் போயிரும். முதல்ல எங்க கசியுதுன்னு பாரு. எவ்வளவு கசியுதுன்னு அளந்து எழுதி வையி. அப்புறமா ஒவ்வொண்ணாச் சரி பண்ணு" என்றார்.

முதல் சோதனை காகிதச் சோதனை. பட்டம் ஒட்டுகிற மெல்லிய தாளில் விரல் அகலத் துண்டு ஒன்று கிழித்து, குழல் மடங்குகிற இணைப்பின் மேல் வைத்தோம். மண் மூட்டையைப் பார்த்து அப்பா சுட்டார். தாள் பறந்து கீழே விழுந்தது. மூன்று தடவை செய்தோம். மூன்று தடவையும் பறந்தது. அக்கா கன்னத்தில் அடித்த காற்று இதுதான்.

இரண்டாவது களிமண் சோதனை. இது நானே யோசித்தது. ஒரு தகர டப்பாவில் களிமண்ணைக் குழைத்து நிரப்பி, மண் மூட்டைக்கு முன்னால் வைத்து, எட்டு அடி தள்ளி நின்று அப்பா ஐந்து குண்டு சுட்டார். குண்டு போன ஓட்டையில் ஈர்க்குச்சியை விட்டு, எவ்வளவு ஆழம் என்று ஸ்கேலில் அளந்தேன். 14, 12, 15, 11, 13 மில்லி மீட்டர். சராசரி 13. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதினேன்.

பிறகு தாத்தா இணைப்பில் இருந்த பழைய வளையத்தை ஊசியால் நெம்பி எடுத்தார். கையில் எடுத்ததும் அப்பளம் மாதிரி உடைந்தது. பழைய தோல் செருப்பிலிருந்து புது வளையம் வெட்டி எண்ணெயில் ஊறவைத்து மாட்டினார். அது இரும்பை விட ஒரு மயிரிழை உயரமாக நிற்க வேண்டும், அப்போதுதான் குழலை மூடும்போது நசுங்கி அடைத்துக்கொள்ளும் என்று காட்டினார். மறுநாள் காகிதம் வைத்துச் சுட்டோம். தாள் அசையவே இல்லை. நான் கைதட்டினேன்.

ஆனால் களிமண்ணில் சுட்டுப் பார்த்தால் சராசரி 10 தான் வந்தது! முன்னைவிடக் குறைவு. எனக்கு ஒன்றுமே புரியவில்லை. தாத்தா வந்து களிமண்ணை விரலால் அழுத்திப் பார்த்து, "இது நேத்து மண்ணுதான?" என்றார். ஆமாம், நேற்றுக் குழைத்த அதே டப்பாதான். ஒரு நாள் வெயிலில் இறுகிப் போயிருந்தது. இறுகிய மண்ணில் குண்டு எப்படிப் போகும்? துப்பாக்கி மாறியது, மண்ணும் மாறியது. இரண்டும் மாறினால் எதனால் மாறியது என்று எப்படிச் சொல்ல முடியும்? அறிவியல் மிஸ் சோதனை செய்யும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்று சொல்வது இதைத்தான். அதிலிருந்து ஒவ்வொரு தடவையும் நாலு டம்ளர் மண், ஒரு டம்ளர் தண்ணீர் என்று அளந்து புதிதாகக் குழைத்தேன். அப்போது சராசரி 17 வந்தது. 13-லிருந்து 17. கொஞ்சம்தான் கூடியிருந்தது. ஆக, கசிவு இன்னொரு இடத்திலும் இருந்தது. அது பிஸ்டன் வாசர்.

அன்று ராத்திரி எண்ணெய் விட்டேன். அப்பா பக்கத்தில் நின்று பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து மாதக் கடனையும் சேர்த்து அடைக்கிற மாதிரி நான் நாலு சொட்டுக்குப் பதில் இருபது சொட்டு விட்டுவிட்டேன். காலையில் முதல் குண்டு சுட்டதும் பட்டாசு மாதிரி ஒரு வெடிச் சத்தம். குழலிலிருந்து புகை. நாய் ஓடிப்போயிற்று. தாத்தா விழுந்து விழுந்து சிரித்தார். காற்றை வேகமாக நெருக்கினால் சூடாகும். சைக்கிள் பம்பு அடித்துவிட்டு அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், தெரியும். அந்தச் சூட்டில் கூடுதலாக இருந்த எண்ணெய் பற்றிக்கொண்டது. டீசல் என்ஜின் ஓடுவதும் இப்படித்தான் என்று தாத்தா சொன்னார். தொடர்ந்து இப்படி வெடித்தால் வாசரும் கெடும், ஸ்பிரிங்கும் கெடும். எண்ணெய் குறைந்தாலும் தப்பு, கூடினாலும் தப்பு.

இருபது முப்பது குண்டு போனபிறகு புகை நின்றது. சத்தம் பழையபடி "டப்" என்று வந்தது. புது மண் குழைத்துச் சுட்டோம். 31, 30, 32, 31, 31. சராசரி 31! அப்பா ஸ்கேலை வாங்கி அவரே ஒரு தடவை அளந்து பார்த்தார். பிறகு, "ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

ஒன்பதாம் வகுப்பு வந்து "பாய்மங்கள்" பாடம் நடத்தியபோதுதான் அந்தக் கிண்ணி வடிவத்தின் காரணம் எனக்குப் புரிந்தது. அழுத்தம் எல்லாப் பக்கமும் தள்ளும். கிண்ணிக்குள் அழுத்தம் ஏறினால் அதன் ஓரம் வெளிப்பக்கம் விரிந்து உருளையோடு ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு இறுக்கம். ஆனால் ஓரம் மெதுவாக, ஈரப்பசையோடு இருந்தால்தான் விரியும். காய்ந்த தோல் விரியாது.

அந்த மதுரை அக்கா ஊருக்குப் போகும் முன் அவர்கள் சுடுகிற பிஸ்டல் பற்றி எனக்கு ஒரு நோட்டீஸின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார்கள். பத்து மீட்டர் ஏர் பிஸ்டல். நம்ம குண்டின் அளவேதான், 4.5 மில்லி மீட்டர். ஆனால் குறியில் பத்து மதிப்பெண் வட்டம் 11.5 மில்லி மீட்டர்தான். சட்டைப் பொத்தான் அளவு! அதில் தோல் இல்லை, ரப்பர் வளையம். சில பிஸ்டலில் ஒரு நெம்புகோலை ஒரு தடவை திறந்து மூடினால் காற்று அடைபட்டு, விசை இழுக்கும் வரை காத்திருக்கும். எங்கள் துப்பாக்கியில் சுடுகிற நொடியில்தான் காற்று நெருங்கும். அதில் முன்கூட்டியே நெருங்கிக் காத்திருக்கும். அதனால் அதைச் சோதிக்கிற விதம் வேறு. காற்று ஏற்றியவுடன் ஒன்று சுட வேண்டும். மறுபடி ஏற்றிச் சில நிமிடம் காத்திருந்து ஒன்று சுட வேண்டும். இரண்டாவது மந்தமாக இருந்தால் வளையம் கசிகிறது. இப்போது போட்டிகளில் அதிகம் வைத்திருப்பது சிலிண்டர் பிஸ்டல். அதில் 200 பார், அதாவது நம்மைச் சுற்றி இருக்கிற காற்றைப் போல ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தத்தில் காற்று இருக்கும். ராத்திரி மீட்டரைப் பார்த்து எழுதி வைத்து, காலையில் மறுபடி பார்ப்பார்களாம். எழுதி வைக்கிற பழக்கம் அங்கேயும் இருக்கிறது!

மனு பாக்கர் அவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவில் அவருடைய பிஸ்டல் பழுதாகிவிட்டது. பல நிமிடங்கள் வீணாயின. 575 புள்ளிகளோடு 12-வது இடம். இறுதிப் போட்டிக்குப் போக முடியவில்லை. அது வாசர் கோளாறு இல்லை, வேறு பழுது. ஆனால் எவ்வளவு பெரிய வீராங்கனைக்கும் துப்பாக்கி ஒத்துழைக்க வேண்டும் என்பது உண்மைதானே. அவர் விடவில்லை. 2024-இல் பாரிஸில் அதே போட்டியில் 221.7 புள்ளிகளோடு வெண்கலம் வாங்கினார். துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர்தான்.

வீரபாண்டியில் கடை நன்றாக நடந்தது. இப்போது அப்பா தினமும் கடை திறக்கும் முன் களிமண் டப்பாவில் ஒரு குண்டு சுட்டு, ஈர்க்குச்சி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பலூன் கட்டுகிறார். "பட்டும் வெடிக்கவில்லை என்றால் இன்னொரு குண்டு இலவசம்" என்று அட்டையில் நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

என்னைக் கேட்ட அந்தப் பையனும் இதைப் படிப்பான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் அப்பா யாரையும் ஏமாற்றவில்லை. ஏமாற்றியது நான். அவரைத்தான் ஏமாற்றினேன். அன்று கூட்டத்தில் சொல்லாததை இன்று எல்லாரும் படிக்கிற சுவரில் எழுதுகிறேன்.

நினைவில் கொள்ளுங்கள்:

1. குண்டு இல்லாமல் வெறும் துப்பாக்கியைச் சுடக் கூடாது. எதிரே தடுக்கக் காற்றழுத்தம் இல்லாமல் பிஸ்டன் நேராகப் போய் முட்டி வாசர் கிழியும்.
2. மண்ணெண்ணெய் விட்டால் தோல் காய்ந்துவிடும். ரப்பர் வளையத்துக்கு வண்டி எண்ணெய், கிரீஸ் ஆகாது. அதற்கென்று உள்ள சிலிக்கோன் கிரீஸ்தான்.
3. குண்டு ஈயம். ஈயம் நஞ்சு. தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது.
4. ஸ்பிரிங் அமுங்கி இருக்கும். யாரும் வீட்டில் பிரித்துப் பார்க்காதீர்கள். பெரியவர்கள் இல்லாமல் தொடவே தொடாதீர்கள். காலியாக இருந்தாலும் யார் பக்கமும் நீட்டாதீர்கள்.
5. செய்யாத வேலையைச் செய்தேன் என்று சொல்லாதீர்கள்.

ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி வருகிறவர்கள் எங்கள் கடைக்கு வாருங்கள். ஆற்றுக்குப் போகிற வழியில் இருக்கும். இந்த மாதம் எண்ணெய் விட்டாயிற்று. நாலு சொட்டு. தேதி என் நோட்டில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.



இப்படிக்கு,
உங்கள் தோழி,
ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு